நடைக்கு மார்க்

வேங்கிக்கால் வீட்டில் கவிநிலா லேப்டாப்பைக் கணவன் புகழேந்தி பக்கம் திருப்பினாள். திரையில் இரண்டு அனிமேஷன் பெண்கள் ஒரே மாதிரி நடந்தார்கள்.

"ஒண்ணு ஒரிஜினல், இன்னொண்ணு ஃபைல் சைஸைக் கம்மி பண்ணது. எது நல்லா இருக்குதுனு மார்க் போடுங்க. ஆபீஸ்ல யாருக்கும் வித்தியாசமே தெரியல."

அவன் கண்கொட்டாமல் பார்த்தான். "முதல்ல இருக்கிறவதான் அழகு."

"போதும், ரொம்ப வழியாதீங்க!"

"இவ இடது காலை லேசா இழுத்து வைக்கிறா. அவகிட்ட அது காணோம்."

கவிநிலா திகைத்தாள். உடம்பெல்லாம் சென்சார் ஒட்டிக்கொண்டு அந்த உருவத்துக்காக நடந்து காட்டியது தான்தான் என்று அவள் அவனிடம் சொல்லவே இல்லை.

"அது குறைதானேங்க?" என்றாள் மெல்ல.

"பௌர்ணமிக்குக் கிரிவலம் போறப்ப, அவ்ளோ கூட்டத்துல அதை வச்சுத்தானே உன்னைக் கண்டுபிடிக்கிறேன்!"