எட்டிப் பார்க்க வந்தவர்

இஸ்மே ரொட்டியை எண்ணெயில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, அண்ணன் ஆல்ட்ரிக் சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். டொராண்டோவில் மகள் வீட்டில் இருப்பவர். அம்மாவை அடக்கம் செய்த அன்று, இந்த வீட்டை விற்றுவிடலாம் என்று அவர் பேச்செடுக்க, இனி இந்தப் பக்கமே வராதே என்று இவள் சொன்னதுதான் கடைசி.

கையில் பை இல்லை. காலில் வீட்டுச் செருப்பு.

"சும்மா பாஸ் பண்ணிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

எங்கள் டிரினிடாடில் 'பாஸ்' என்றால் போகிற வழியில் எட்டிப் பார்ப்பது. சாயங்காலம் பாஸ் பண்ணுகிறேன் என்று யாராவது சொன்னால், வீட்டில் இன்னொரு கை மாவு கூடுதலாகப் பிசைவார்கள். எதற்கு வந்தாய் என்று கேட்கிற வழக்கமில்லை.

இஸ்மேயும் கேட்கவில்லை. பழைய சண்டை நாக்கு நுனிவரை வந்தது. அவருடைய மெலிந்த தோள்களைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு, ரொட்டியும் பொரித்த மீனும் வைத்தாள். மிளகாய்ச் சாற்றில் காரமே இல்லையே, வயசாகிவிட்டதா உனக்கு என்று அவர் சீண்டினார். அவள் சிரித்துவிட்டாள். சிரித்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்போது போன் அடித்தது. டொராண்டோவிலிருந்து அண்ணன் மகள் லோரெட்.

"அத்தை, இன்னைக்குக் காலையில அப்பா பாஸ் பண்ணிட்டாரு."

"ஆமாம்மா, இங்கதான் இருக்காரு. சாப்பிட்டுட்டு இருக்காரு."

லோரெட் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இங்க அந்த வார்த்தைக்கு அது அர்த்தம் இல்ல அத்தை. உயிர் போயிடுச்சுன்னு சொல்ல வாய் வராதப்போ அப்படிச் சொல்லுவோம். ஆஸ்பத்திரியில... நான் கையைப் பிடிச்சிட்டு இருக்கும்போதே."

இஸ்மே திரும்பிப் பார்த்தாள். ஆல்ட்ரிக் குனிந்து, முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"போன்ல யாரு?" என்றார், தலை நிமிராமல்.

பிறகு கூப்பிடுகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு, அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"யாரோ தப்பா கூப்பிட்டுட்டாங்கண்ணே. நீ நிதானமா சாப்பிடு."

இன்னொரு துண்டு மீனை அவர் தட்டில் வைத்தாள். பிறகு போய்த் தெருக்கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

துக்கம் கேட்க யாராவது வந்து, விஷயம் அவர் காதில் விழுந்துவிடக் கூடாது.