யாரோ பிடிக்கப்போகும் குழாய்

"அக்கா, இது தொட்டியா, குளமா?" என்றான் தம்பி.

கிடங்கின் பின்புறக் காலி மனையில் தண்ணீர்த் தொட்டிக்காக அக்கா சுண்ணாம்புப் பொடியால் போட்டிருந்த வட்டத்துக்குள் நின்றுகொண்டுதான் கேட்டான். லாரி வந்து திரும்பவேண்டிய இடத்தில் முக்கால்வாசியை அந்த வட்டம் விழுங்கியிருந்தது.

மெத்தையும் சோபாவும் கூரை வரைக்கும் அடுக்கப்போகிற கிடங்கு. அவன் சொந்தமாகக் கட்டுகிற முதல் கட்டடம். தீ பிடித்தால் அணைப்பதற்கான ஏற்பாடுகளை வடிவமைத்துக் கொடுப்பது அக்காவின் தொழில். வெளியாளிடம் போவானேன், கூடப் பிறந்தவளே இருக்கிறாளே, நாலு இடத்தில் விட்டுக்கொடுப்பாள் என்று நம்பித்தான் வேலையை அவளிடம் கொடுத்தான்.

அந்த நம்பிக்கையில் இப்போது மண் விழுந்துகொண்டிருந்தது.

அவனும் விவரமில்லாதவன் அல்ல. வரைபடத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வந்திருந்தான். கூரையில் ஸ்பிரிங்க்ளர்கள். சூடு ஏறினால் தாமாகத் திறந்து தண்ணீரைக் கொட்டும். அதற்கு இவ்வளவு தண்ணீர் என்று அக்கா போட்டிருந்ததை அவன் ஒன்றும் சொல்லவில்லை. தீயணைப்பு ஆட்களின் குழாய்களுக்கு என்று அதன்மேல் தனியாக ஒரு பங்கைக் கூட்டியிருந்தாளே, அதுதான் உறுத்தியது.

"ஸ்பிரிங்க்ளர் போதும்னா குழாய்க்கு எதுக்குத் தண்ணி? போதாதுன்னா ஸ்பிரிங்க்ளர் எதுக்கு?"

நல்ல கேள்விதான். அவளுக்கு வேலை கொடுத்த முதலாளிகள் அத்தனை பேரும் கேட்டது. பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது.

"ஸ்பிரிங்க்ளர் நெருப்ப ஓடவிடாம கட்டிப் போடும்டா. அடுக்குக்கு அடியில புகைஞ்சுகிட்டு கிடக்கிற மெத்தைய இழுத்துப் போட்டு அணைக்க ஆளுதான் உள்ள போகணும். போற ஆளு கையில குழாய் இருக்கும். மேல கொட்டுறதும் கீழ பீச்சுறதும் ஒரே நேரத்துல, ஒரே தொட்டியிலேர்ந்து. ஒண்ணுக்கு மட்டும் எடுத்து வெச்சா ரெண்டுமே பாதியில நின்னுடும்."

"அவங்க வண்டியில தண்ணி வராதா?"

"வரும். வாய் கொப்புளிக்கக் காணும்."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். சிரித்தால் பாதித் தோல்வி.

"வராத விருந்தாளிக்கு உலை வைக்கிறே நீ."

"வந்துட்டா? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்."

அவன் வட்டத்தின் விளிம்பில் நடந்தான். லாரி இப்படி வரும், இப்படி ஒடிக்கும் என்று கைகளைச் சுழற்றிக் காட்டினான். இரண்டு கைகளும் வட்டத்துக்குள்ளேயே வந்து முட்டிக்கொண்டன. குரல் உயர்ந்தது.

"யாரோ ஒருத்தன் வந்து பீச்சுறதுக்காக என் லாரி திரும்புற இடத்த நான் எதுக்கு விடணும்? சொல்லு."

அக்கா கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். அவளுக்குக் கோபமே வரவில்லை. ஒரே வாக்கியத்தில் அவன் வாயை அடைத்திருக்கலாம். அப்படி ஜெயிக்க அவளுக்கு இஷ்டமில்லை. கணக்கு தன் காலில் தானே நிற்க வேண்டும். முன்பின் தெரியாதவன் கிடங்காக இருந்தாலும் இதே வட்டத்தைத்தான் போட்டிருப்பாள்.

"சின்னத் தொட்டி வேணும்னா வேற ஆளப் பாத்துக்கோ. என் கையெழுத்து இதுக்குத்தான்."

"அக்காவாச்சேன்னு உன்கிட்ட வந்தேன் பாரு..."

"அக்காங்கிறதாலதான் இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு நிக்கிறேன்."

அவனுக்குத் தெரியும், இவள் பிடித்தால் உடும்புப் பிடி. ஆனாலும் வியாபாரி. ஒரு கதவைச் சாத்தினால் அடுத்த கதவைத் தட்டிப் பார்க்காமல் விடமாட்டான்.

"சரி, ஒண்ணுக்கு நாலு வண்டியா தண்ணியோட வரட்டுமே. ஃபோன் பண்ணாப் போச்சு. இங்க தீ பிடிச்சா எந்த ஸ்டேஷன்லேர்ந்து வருவாங்க?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அவனைப் பார்க்காமல் சுண்ணாம்பு டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸ்டேஷன்."

தம்பி இடுப்பில் கை வைத்துப் பாலம் இருக்கும் பக்கம் திரும்பினான்.

அந்த ஸ்டேஷனில் முதல் குழாயைப் பிடித்துக்கொண்டு புகைக்குள் நுழைகிறவர் இவர்கள் இருவருக்கும் மூத்தவர், கூடப் பிறந்த அண்ணன்.

அவரும் தம்பியும் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகிறது. என்ன சண்டை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அக்கா வீட்டுக்கு ஒருவர் வந்தால் இன்னொருவர் தெருமுனையோடு திரும்பிவிடுவார். ஒருவர் பேச்சை மற்றவரிடம் எடுப்பதை அவளும் எப்போதோ விட்டிருந்தாள்.

முன்பக்கத்தில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. கிடங்கின் அகலமான கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணன் இன்னும் முன்னாடிதான் போறாரா?"

"பின்னே? வேற யாரையாவது போக விடுவாரா?"

அவன் தலையை ஆட்டினான். செருப்புக் காலால் தரையை ஒருமுறை தேய்த்தான். லாரியை முன்வாசலிலேயே திருப்பிக்கொள்ளும்படி ஃபோனில் சொன்னான். பிறகு வட்டத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்வையால் அளந்தான்.

"ஏன்க்கா, இது பத்துமா?"

"பத்தும்," என்றாள் அக்கா.