ஏற்றுமதித் தடை

"பாஸ்போர்ட்டக் காணல மக்ளே! வண்டி வார நேரமாச்சு" என்று உலகம்மாள் பெட்டியை மறுபடியும் கவிழ்த்துக் கொட்டினாள்.

"காணலன்னா விட்டுரு. பயணமே வேண்டாம்" என்றாள் கலைச்செல்வி. அரிசித் தகரத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆராய்ச்சிக் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தாள். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. கோபத்திலும் அவள்தான் முதல்.

பக்கத்து வீட்டு மலையாளத்துக்காரி ஷிஜா வாசலில் எட்டிப் பார்த்தாள். "கரையாதீங்க சேச்சி. ரெண்டு கொல்லந்தானே, ரெண்டே வருசம் சட்டுன்னு போயிடும்."

உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறையில் தாயும் மகளும் ஒருநாள்கூடப் பிரிந்து உறங்கியதில்லை.

மகளின் உர்ரென்ற முகத்தைக் கண்டு பேச்சுக் கொடுத்தாள். "அப்படி என்னத்தட்டி எழுதுத?"

"அமெரிக்காவும் ரஷ்யாவும் மொறச்சிக்கிட்டு நின்ன காலத்துக் கதை. ரஷ்யா பக்கம் இருந்த நாடுகளுக்கு, ஆள் ஏத்துத விமானத்தக்கூட விக்கக் கூடாதுன்னு அமெரிக்காக்காரன் தடை போட்டான்."

"ஆள் ஏத்துத பிளேனுக்கா? அது என்ன பாவம் செஞ்சுது? அதுக்குள்ள குண்டா இருக்கு?"

"இங்க இருக்கும்போது ஒண்ணும் இல்ல. அங்க போனப்பெறவு அத என்ன பாடு படுத்துவான்னு யாரு கண்டா?"

"ஆள் ஏத்த மட்டுந்தான்னு எழுதி வாங்கிக்கிடலாம்லா?"

"எழுதிக் குடுப்பான். கடல் தாண்டுனப்பெறவு எவன் போய்ப் பாக்கான்?" கலைச்செல்வி தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

உலகம்மாள் அவளையே பார்த்தாள். காலையிலிருந்து இவள் அந்தத் தகரத்தை விட்டு இறங்கவில்லை. காப்பியைக்கூட அங்கேயேதான் வாங்கிக் குடித்தாள்.

"எந்திரி மக்ளே. உலை வைக்கணும். அடுப்பெரியாத வீட்ல இருந்து பயணம் எறங்கக் கூடாது."

"இப்போ யாருக்குச் சோறு?"

"ஒனக்குத்தான். நான் போனப்பெறவு ஒத்தையில பட்டினி கெடப்பியே."

கலைச்செல்வி இறங்கினாள். தகரத்தைத் திறந்து, முழங்கை வரை அரிசிக்குள் கைவிட்டு, பாஸ்போர்ட்டை எடுத்தாள். குவைத்துக்குப் போகும் உலகம்மாள் அதிலிருந்த போட்டோவில் மிரண்டுபோய் விழித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் குவைத்து வீட்டுக்காரன் சமையலுக்கு மட்டுந்தான்னு எழுதிக் குடுத்திருக்கான்" என்று அதை அம்மாவின் கையில் வைத்து அழுத்தினாள். "வேற ஒரு வேலை சொன்னாலும் ஒடனே கூப்பிடு. நான் வந்து கூட்டிட்டு வந்திருவேன்."