ஆலாவின் முட்டை

யாரும் குடியிருக்காத ஒரு தீவில், மணலில் ஒற்றை முட்டையிட்டு அடைகாத்தது ஓர் ஆலாப் பறவை. பறவைகளை ஆராய வந்த பெண் தினமும் அந்த முட்டையை எடுத்து எடைபோட்டுத் திரும்ப வைப்பாள். "திருடி! கையை எடு!" என்று கத்தி அவள் விரலைக் கொத்தும் ஆலா.

ஒருநாள் அவள் குனிந்து பார்த்துவிட்டு, முட்டையைத் தொடாமலே பக்கத்துக் கூட்டுக்குப் போனாள்.

ஆலாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, பக்கத்து வீட்டு முட்டையை மட்டும் தூக்கிப் பாக்குறா. நம்ம முட்டைக்கு என்ன குறைச்சல்?"

ஆண் ஆலா, தான் கொண்டுவந்த மீனைக் கீழே வைத்துவிட்டு முட்டையில் காதுகொடுத்துக் கேட்டது. "அடியே, உள்ளே தட்டுற சத்தம் கேக்குது. பிள்ளை வரப்போகுது. அதான் தொடலை."

மாலைக்குள் ஓடு பிளந்து, ஈரத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. ஆலா தீவே அதிரும்படி கத்தியது: "ஏம்மா, எங்கே போய்த் தொலைஞ்சே? சீக்கிரம் வந்து பாரு!"

அந்தப் பெண் ஓடி வந்தாள். ஆலா சற்று நகர்ந்து அவளுக்கு இடம் விட்டது.