இன்னொரு சாட்சி

ஒருவர் மீதான குற்றச்சாட்டு இணையக் கலைக்களஞ்சியத்தில் ஏற, விவரம் தெரிந்த இருவர் நேரலையில் பெயரோடு சொல்ல வேண்டும். தீப்பெட்டி ஆலை முதலாளி ஞானதுரையின் பக்கத்தைத் தொகுக்கும் முத்தரசி, ஆலையின் தீவிபத்து பற்றிக் கேட்க நிருபர் அந்தோணியைக் காணொளியில் அழைத்தாள். திரையில் அவன் வாயெல்லாம் ரத்தம். முதலாளியின் அடியாள் அவன் விரல்களைக் கம்பியால் ஒடித்துக்கொண்டிருந்தான்.

"பொய்யின்னு சொல்லுல!"

"நிஜம்தான் மேடம். தீப்பிடிச்சப்போ கேட்டைப் பூட்டிட்டாங்க."

இன்னொரு விரல் முறிந்தது.

"அவரை விடுங்கண்ணே!" முத்தரசி அலறினாள்.

அடியாள் அந்தோணியின் முடியைப் பற்றினான். "முதலாளி சொன்னாரு, நான் பூட்டுனேன். எரிஞ்சவனுவ உனக்கு மாமனா மச்சானால?"

முத்தரசி விசைப்பலகையை இழுத்தாள். "அண்ணே, உங்க பேரு?"

"கருக்குவேலு! பெருசா எழுதிக்க!"

எழுதினாள். இரண்டு பேர் ஆகிவிட்டது. குற்றச்சாட்டு ஏறியது.

அந்தோணி ரத்தத்தோடு சிரித்தான். எதற்குச் சிரிக்கிறான் என்று புரியாமல் கருக்குவேல் கம்பியை ஓங்கினான்.