செத்த அரசரின் ஆண்டு

"தலையை மழிச்சவன் இந்தக் கூரைக்குக் கீழ வரக் கூடாது" என்றார் பாவ் யுன்சாங், வாசலை மறித்துக்கொண்டு.

வெளியே மழையில் லிங் ஷெங் நின்றிருந்தார். புதிய அரசின் வட்ட அதிகாரி. ஆணைப்படி முன்தலை மழித்து, பின்னால் ஒற்றைச் சடை. பல்லக்கை அடிவாரத்திலேயே விட்டுவிட்டுத் தனியாக ஏறி வந்திருந்தார்.

"சரி, சடையாவது நனையாம இருக்கட்டும். ஓரமா நிக்கிறேன்."

யுன்சாங் சிரிக்கவில்லை. இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். பழைய அரசு விழுந்ததும் ஒருவர் புதிய அரசில் பதவி வாங்கினார். மற்றவர் தாவோ துறவி உடை போட்டு, மனைவியோடு மலையேறிவிட்டார். துறவிகளை மழிக்கச் சொல்லி ஆணை இல்லை. யுன்சாங்கின் கொண்டை அப்படியே இருந்தது.

"இன்னும் வரையறியா?" என்றார் லிங்.

"வரையறேன். நீ பிடுங்கறே. தேயிலை வியாபாரி வீடு, வைத்தியர் வீடு, கோயில் மண்டபம்னு என் படம் எங்க தொங்கினாலும் உன் ஆளுங்க கழட்டிட்டுப் போறாங்களாமே! புது ராஜாவோட அடிமை வீட்டுக்கு எதுக்குடா இத்தனை மலை?"

லிங் அவர் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். மேசைமேல் புதுப்படம் ஒன்று ஈரத்தோடு கிடந்தது. மூடுபனி, மலை, ஆளில்லாத ஒரு குடிசை. ஓரத்தில், 'பழைய பேரரசரின் முப்பத்தொன்றாம் ஆண்டு' என்று எழுதியிருந்தது. அந்தப் பேரரசர் தன் பதினேழாம் ஆண்டிலேயே தூக்கு மாட்டிக்கொண்டு இறந்துவிட்டவர்.

"செத்தவருக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆட்சி குடுக்கப் போறே?"

"நான் சாகிற வரைக்கும்."

"மலையை வரை, மேகத்தை வரை. ஆண்டை மட்டும் எழுதாம விட்டுடேன், யுன்சாங்."

"அந்த ஒரு வரிதான் நான். மத்ததெல்லாம் வெறும் மை."

லிங் சட்டென்று அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார். ஈரப் படத்தைச் சுருட்டி அங்கிக்குள் செருகினார். மழையில் இறங்கிவிட்டார்.

"பாத்தியா? பட்டப்பகல்ல திருட்டு!" என்று கத்தினார் யுன்சாங்.

"ஒரு வாய் தேநீர்கூட குடிக்காம போறாரே" என்றாள் அவர் மனைவி சூ.

இரண்டு நாள் கழித்து உப்பு வாங்க ஊருக்குள் போன சூ, உப்பில்லாமல் திரும்பி வந்தாள்.

"லிங் அண்ணனைப் பிடிச்சுட்டாங்க. தலைநகரத்துல இருந்து சிப்பாய்ங்க வந்திருக்காங்க."

யுன்சாங் நிதானமாகத் தூரிகையைக் கழுவினார். "வானத்துக்குக் கண்ணு இருக்கு. எத்தனை பேர்கிட்ட பிடுங்கினான்!"

"வாயை மூடுங்க."

இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

"பழைய அரசரோட ஆண்டை எழுதினவனைக் குடும்பத்தோட வெட்டணும்னு ஆணையாம். வீடு வீடா தேடியிருக்காங்க. ஊர்ல ஒரு வீட்லயும் உங்க படம் இல்ல. எல்லாம் அண்ணன் வீட்ல இருந்திருக்கு. இருபத்திரண்டு படம். ஒவ்வொண்ணுலயும் ஓரத்தை மட்டும் வெட்டி எரிச்சிருக்காரு. நீங்க எழுதின ஓரத்தை."

யுன்சாங்கின் கை நின்றது.

"அன்னிக்கு இங்கேருந்து போனாரே, வீட்டு வாசல்லயே குதிரைங்க நின்னுச்சாம். அங்கிக்குள்ள இருந்த படத்தை எடுத்துட்டாங்க. அதை வெட்ட அவருக்கு நேரமில்ல."

"என் பேரைச் சொல்லிட்டானா?"

"படம் மட்டும்தான் யுன்சாங் வரைஞ்சது, ஆண்டை எழுதினது நான்னு சொல்லியிருக்காரு. படம் கைக்கு வந்தவங்க அதுல நாலு வரி எழுதறது நம்ம பக்கத்து வழக்கம்தானே? எங்க, எழுதிக் காட்டுன்னு தூரிகையைக் குடுத்தாங்களாம். ஒரே வாத்தியார்கிட்ட பழகின கையில்ல? அச்சு அசலா அப்படியே இருந்துச்சாம்."

வெளியே மூடுபனி இறங்கிக் குடிசையைச் சூழ்ந்துகொண்டிருந்தது.

"நாளன்னிக்குக் காலையில வெட்டறாங்க. அவரை, அண்ணியை, ரெண்டு பொண்ணுங்களை." சூ அவருக்கு எதிரே வந்து நின்றாள். "நீங்க போய் உண்மையைச் சொன்னா என் தலையும் சேந்து போகும். தெரியும். நான் வரேன். இப்பக் கிளம்பினா இருட்டறதுக்குள்ள போயிடலாம்."

யுன்சாங் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மை அரைச்சுக் குடு" என்றார்.

வாக்குமூலம் எழுதப் போகிறார் என்று நினைத்தாள் சூ. கெட்டியாக மை அரைத்து வைத்தாள். பிறகு பின்கட்டுக்குப் போய் அடுப்பை அணைத்தாள். கோழிகளைத் திறந்துவிட்டாள். இனி அவற்றைப் பார்க்க ஆளில்லை. இருவருக்கும் வைக்கோல் செருப்பும் ஒரு குடையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எழுதியாச்சா? கிளம்பலாமா?"

யுன்சாங் தலை நிமிரவில்லை.

மேசைமேல் இன்னொரு படம் இருந்தது. அதே மூடுபனி, அதே மலை, ஆளில்லாத அதே குடிசை. ஓரத்தில், கொஞ்சமும் நடுங்காத எழுத்தில், 'மாட்சிமை தங்கிய புதிய பேரரசரின் பதினைந்தாம் ஆண்டு' என்று எழுதிக்கொண்டிருந்தார்.