சென்டிமீட்டரில் எழுதவும்

நோய்க்குறியியல் கையேட்டில் கட்டிகள் பற்றிய பகுதியைத் திருத்திக்கொண்டிருந்த டாக்டர் வகுளா, ‘நெல்லிக்காய் அளவுக் கட்டி’ என்ற வரியைச் சிவப்புப் பேனாவால் அழுத்தி அடித்தாள். “இதென்ன காய்கறிக் கடையா? நம்ம புத்தகத்துல அளவுன்னா சென்டிமீட்டர்தான்!” என்று, அதை எழுதிய டாக்டர் ஃபெலிக்ஸிடம் சீறினாள். அப்போது தங்கை போனில் கூப்பிட்டாள்.

“அக்கா, குளிக்கும்போது மார்புல என்னவோ தட்டுப்பட்டுச்சு.”

“எவ்வளவு பெருசு?”

“எப்படிச் சொல்றது... சுண்டைக்காய் அளவு இருக்கும்.”

வகுளா திருத்தவில்லை. “அழுத்திப் பாரு. நழுவுதா, இல்ல கெட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கா?”

“இரு, பார்க்கிறேன்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, வகுளா தான் அடித்த வரியைப் பார்த்தாள்.

“சுண்டைக்காய்தானேடி? நெல்லிக்காய் இல்லையே?”